லேபிளில் கிச்சடி, உள்ளே அரிசிம்பருப்பு

நீங்கள் ரயிலில் சாப்பிட்டுவிட்டு யார் யாரையெல்லாம் திட்டுகிறீர்களோ, அந்த வரிசையில் கடைசியில் நிற்பவன் நான். முதலில் விற்க வந்தவனைத் திட்டுவீர்கள். அப்புறம் ரயில்வேயை, அப்புறம் அரசாங்கத்தை. என்னை உங்களுக்குத் தெரியாததால் பெயர் சொல்லித் திட்டுவதில்லை, அவ்வளவுதான். என் பெயர் பூபதிராஜா. கஞ்சிக்கோட்டுச் சமையல்கூடத்திலிருந்து சோற்றுப் பெட்டிகளை வேனில் பாலக்காடு ஜங்ஷனுக்குக் கொண்டுபோய், வண்டி நிற்கும் ஐந்து நிமிடத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். நான் பிந்தினால் முந்நூறு பேர் பட்டினி. பிந்தாமல் போனால் முந்நூறு பேரும் தின்றுவிட்டுத் திட்டுவார்கள்.

ரயிலிலேயே சமைக்கிறார்கள் என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். ரயிலில் சூடு பண்ணுவார்கள், அதுவும் மனசு இருந்தால். சோறு வேகிற இடம் இங்கே, இரும்பு உருக்கும் ஆலைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி கம்பெனிக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகையில். பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும், தில்லி முகவரி இருக்கும், எடை இருக்கும், புகார் சொல்ல ஒரு எண் இருக்கும். அதைப் பொங்கியது யார் என்பது மட்டும் இருக்காது.

பொங்கியது சுப்பாத்தாள். எங்களுக்கெல்லாம் சுப்பக்கா. மீனாட்சிபுரத்தில் நாலு ஏக்கர் தென்னந்தோப்பும் இரண்டு மாடும் உள்ள குடும்பம். வாடல் நோய் வந்து தோப்பு பாதி மொட்டையானபோது, வீட்டுக்காரர் நாச்சிமுத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அக்கா பஸ் ஏறினாள். வெங்காயம் உரிக்கத்தான் எடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் பெரிய அண்டா அவள் கைக்கு வந்துவிட்டது. பதினொரு வருடமாக இந்தப் பக்கம் போகிற வண்டிகளில் சைவச் சோறு என்று எதைத் தின்றிருந்தாலும் அது அவள் கரண்டி பட்டதுதான். பழனியைத் தாண்டி அவள் ரயிலில் போனதில்லை என்பது வேறு விஷயம். எங்கள் ஊரிலும் ஒரு ஸ்டேஷன் உண்டு, வண்டிதான் எப்போதாவது வரும்.

நாலு வருடம் முன்பு தில்லியிலிருந்து மெனு மாறி வந்தது. வடக்கே போகிற வண்டிகளில் சாம்பார் சாதம் போணியாகவில்லை, இனிமேல் வெஜ் கிச்சடி என்று உத்தரவு. செய்து காட்ட ஒரு பயிற்சியாளர் வந்தார். பாசிப்பருப்பையும் அரிசியையும் மஞ்சள் தூள் போட்டுக் குழைய வேகவைத்து ஒரு கரண்டி நீட்டினார். அக்கா மோந்து பார்த்துவிட்டு, காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிறதைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் விளங்குவோமா என்று கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியாதது கம்பெனியின் அதிர்ஷ்டம். அவர் விமானம் ஏறிய மறுநாளே அக்கா துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்தாள். சீரகமும் மிளகும் பொரியவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் கொட்டி மூடினாள். அதாவது, எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வாரத்துக்கு இரண்டு நாள் வேகிற அரிசிம்பருப்புச் சோறு. லேபிளில் மட்டும் வெஜ் கிச்சடி.

மேனேஜர் ஜோமோன் சாருக்கு இது தெரியும். அவர் ருசி பார்க்க ஒரு தடவை தின்றார், சந்தேகத்துக்கு இன்னொரு தடவை தின்றார், அதன்பிறகு எதையும் கண்டுகொள்ளவில்லை.

கம்பெனிக்கு வேண்டிய மதிப்பெண் தில்லியிலிருந்து வரும். அக்காவுக்கு அது பின்சுவருக்கு அந்தப் பக்கம் விழும். சுவரை ஒட்டியே தண்டவாளம். ஜங்ஷனில் ஏற்றிய சோறு இருபது நிமிடத்தில் எங்கள் கொட்டகையைத் தாண்டித்தான் வாளையாறு பக்கம் போகும். யானை குறுக்கே வருகிற இடம் என்பதால் வண்டி கொஞ்சம் நிதானிக்கும். அந்நேரத்துக்குள் தின்று முடித்த புண்ணியவான்கள் பெட்டியை ஜன்னல் வழியே வீசுவார்கள். அக்கா ஒரு முக்காலி போட்டு ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி நிற்பாள். கூட ஜின்சி நிற்பாள். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துப் பெண், பெட்டிக்கு மூடி ஒட்டுகிறவள், கையில் நீளமாக ஒரு துறட்டி வைத்திருப்பாள். வண்டி போனதும் முள்ளுக்குள் கிடக்கிற பெட்டிகளை ஜின்சி இழுத்துத் தருவாள், அக்கா திறந்து பார்ப்பாள். வழித்த பெட்டியாக இருந்தால் அன்று எல்லாருக்கும் நல்ல நாள். சோறு அப்படியே கிடந்தால் அக்கா வாயே திறக்க மாட்டாள், நாங்களும் தூரமாகவே நடமாடுவோம்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரே மகள், செல்வப்பிரியா என்கிற செல்வி. பால் சொசைட்டியில் கொழுப்புச் சத்து பார்க்கிறாள். பாலில் தண்ணீர் கலந்தவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பேச்சு. வந்த வரன்களையும் அதே பார்வையில் பார்த்து ஏழெட்டைத் திருப்பி அனுப்பியவள். ஒன்பதாவதாக வந்தவன் கோகுல்நாத். உடுமலைப் பக்கத்துக் குடும்பம், அப்பா இல்லை, அம்பத்தூரில் பெரியப்பாவின் லேத் பட்டறையில் பங்கு. ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து இரண்டு மாதம் தினமும் போனில் பேசினார்கள். கட்டினால் இவரைத்தான் என்று செல்வி அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் பெரியப்பா சென்னியப்பன். தரகர் அவரிடம், பெண்ணின் அம்மா உணவுத் தர அதிகாரி என்று அளந்துவிட்டிருந்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், இந்தக் காலத்தில் காப்பியும் குடிக்கலாம், சோறு தொடக் கூடாது. பெண் பிடித்து, பேச்சு முடிந்தால்தான் இலை போட்டு உட்காருவார்கள். அதற்குக் கை நனைக்கிறது என்று பெயர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி, அப்புறம் மாற்றிப் பேசக் கூடாது. ஆகவே பெண் வீட்டில் விருந்தும் தயாராக இருக்க வேண்டும், விருந்தைப் பற்றி யாரும் மூச்சும் விடக் கூடாது. மூன்று கறி, வடை, பால் பாயசம் எல்லாம் மணக்கும், வந்தவர்கள் மூக்கில்லாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று காலையில் மாற்று ஆள் வராததால் அக்கா அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. நான்தான் வேனில் கொண்டுவந்து விட்டேன். விட்டவன் அப்படியே திரும்பியிருக்க வேண்டும். பாயச வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேனின் பக்கவாட்டில் ஒரு பெரிய கரண்டியும் ஒரு ரயில் எஞ்சினும் வரைந்திருக்கும்.

உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பையனும் பெண்ணும் அப்போதுதான் முதல் தடவை பேசுவதுபோல நன்றாகவே நடித்தார்கள். பையனின் அம்மாவுக்குத் திருப்தி, பெரியம்மாவுக்கும் திருப்தி. பெரியப்பா காலாற நடக்க வெளியே வந்தவர் வேனைச் சுற்றி வந்தார். இது யார் வண்டி என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் கிடையாது.

“ரயிலுக்குச் சோறு போறதுங்க. அக்கா கை வெச்சாத்தானுங்க எங்க அண்டாவே எறங்கும். பதினோரு வருசமா இந்தப் பக்கம் போற வண்டிக்கு முச்சூடும் அவங்க பொங்குனதுதானுங்க.”

சத்தியமாக நான் புகழத்தான் நினைத்தேன். சென்னியப்பன் என்னை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதிகாரி என்றது என்ன ஆச்சு என்று தரகரைக் கேட்டார். தரகர் தென்னை மரத்தைப் பார்த்தார். நாச்சிமுத்து மாட்டைப் பார்த்தார். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாப்பது வருசமா ரயில்ல போயிட்டு வாறனுங்க. அதுல விக்கிற சோத்துல ஒரு பருக்க தொட்டதில்ல. அதப் பொங்கறவங்க ஊட்ல எப்படிங்க கை நனைக்கறது?”

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். “பொய் சொன்னது தப்புங்கண்ணா. பொங்கறது தப்பில்லீங்க,” என்றாள்.

அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். கோகுல்நாத் மட்டும் கடைசி வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். நறுக்கி வைத்த வாழையிலைகள் அப்படியே கிடந்தன. நான் எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் நின்றேன். செல்வி அழவில்லை. காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, “பூபதி மாமா, அந்த லேபிள உங்க வாய்க்கு ஒட்டியிருக்கலாம்,” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதிலாக அவள் நாலு அறை அறைந்திருக்கலாம். எனக்கு அன்று உண்மையிலேயே சோறு இறங்கவில்லை, பாயசம் மட்டும்தான் இறங்கியது.

மத்தியானம் அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்து வேனில் உட்கார்ந்தாள். லீவு போட்ட நாள்தானே என்றேன். வீட்டிலிருந்தால் யாரையாவது கடித்துவிடுவேன், வண்டியை எடு என்றாள். விருந்தையெல்லாம் தூக்குவாளிகளில் போட்டு எடுத்துக்கொண்டோம். அன்று எங்கள் பேக்கிங் பிரிவில் சத்தீஸ்கர் பையன்கள் முதற்கொண்டு எல்லாருக்கும் வடை பாயசம். அக்கா கையைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் சென்னைக்குப் போகிற வண்டிக்கான அண்டாவை ஏற்றினாள். பூண்டை அவள் தட்டிய தட்டில் அது யார் மண்டை என்று எனக்குத் தெரியும். பாதி சென்னியப்பன் மண்டை, பாதி என் மண்டை.

ஐந்தரை மணிக்கு வண்டி வந்தது. நான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அப்போதுதான் குடும்பத்தோடு எஸ் ஏழு பெட்டியில் ஏறியிருந்த கோகுல்நாத் இறங்கி ஓடிவந்தான். ஏசியில் காது அடைக்கும் என்று பெரியப்பா ஸ்லீப்பரில்தான் போவாராம். விருந்துச் சாப்பாடு நிச்சயம் என்று நினைத்து வந்ததால் கட்டுச்சோறு எதுவும் கொண்டுவரவில்லை. ஹோட்டலிலும் அவர் நுழைய மாட்டார். காலையிலிருந்து நாலு வாழைப்பழம்தான். சர்க்கரை உள்ள மனுசனுக்கு இப்போது கை நடுங்க ஆரம்பித்துவிட்டதாம். என்ன இருந்தாலும் வாங்கி வா என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். கோகுல் பெட்டியின் லேபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ஏனுங்ணா, இது அத்தை பொங்குனதா?”

நான் தலையை ஆட்டினேன். அவன் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாலு பெட்டி வாங்கிக்கொண்டு ஓடினான். வண்டி நகரும்போது ஜன்னல் ஓரத்தில் சென்னியப்பன் மூடியைக் கிழித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருட விரதம் என் கண் முன்னால் கலைந்தது. ரயில்வே வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததே இல்லை. அந்த இடத்திலேயே அக்காவுக்குப் போன் போட்டு, எஸ் ஏழில் சென்னியப்பன் கை நனைத்துவிட்டார், சம்பந்தம் முடிந்தது, இனி அவர் எந்தப் பக்கமும் ஓட முடியாது என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர் நான் லாட்டரி அடித்துவிட்டதாக நினைத்தார்.

அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“அது நான் பொங்குனதுன்னு அவருக்குத் தெரியுமா?”

தெரியாது, அதுதானே சமாச்சாரமே என்றேன்.

“தெரியாமத் தின்னா அது கை நனைச்சதாகுமா பூபதி? காலைல ஒரு பொய், சாயங்காலம் ஒரு திருட்டா? அப்படி அனுப்புன புள்ள அங்க போயித் தலை நிமுந்து நிக்குமா?”

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை ஜின்சிதான் எனக்குப் போனில் சொன்னாள். அக்கா செல்வியிடம் நம்பர் வாங்கி, சென்னியப்பனை நேராகவே கூப்பிட்டிருக்கிறாள். என் மண்டையில் அடித்துக்கொள்வதற்கு ஜங்ஷனில் இடம் போதவில்லை. பசியோடிருக்கிற மனுசன் வாயில் வைத்ததைத் துப்பச் சொல்கிற அம்மாவை எந்தப் பெண்ணுக்காவது பிடிக்குமா. ஆனால் அக்கா பேசியது இதுதான்.

“அண்ணா, நான் மீனாட்சிபுரம் சுப்பாத்தாள் பேசறனுங்க. உங்க கையில இருக்கறது நான் பொங்குனதுங்க. தெரியாமச் சாப்பிட்டத நான் பெருசா எடுத்துக்க மாட்டனுங்க. வேண்டாமுன்னா வீசிப்போடுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க.”

அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது. வருத்தமில்லை என்று சொன்னவள் கொட்டகைக்குள் நிற்கவில்லை. முக்காலியை எடுத்துக்கொண்டு பின்சுவருக்கு ஓடினாள். ஜின்சி துறட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வண்டி வந்தது, நிதானித்தது. அக்கா ரயில் பெட்டிகளை எண்ணினாளாம். எஸ் ஏழு தாண்டும்போது ஒரு ஜன்னலிலிருந்து சோற்றுப் பெட்டி ஒன்று பறந்து வந்து முள்ளில் விழுந்தது. அக்கா முக்காலியிலிருந்து இறங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பதினொரு வருடத்தில் எத்தனையோ பெட்டி விழுந்து பார்த்தவள், அதைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். ஜின்சி துறட்டியால் இழுத்துத் திறந்தாள்.

“எக்கா, வழிச்சுத் துடைச்சிருக்காக. ஒரே ஒரு மொளகுதான் கெடக்கு.”

அக்கா வாங்கிப் பார்த்தாள். அந்த ரயில் பெட்டியில் எழுபது பேர் இருப்பார்கள், யார் தின்றதோ என்று சொல்லிவிட்டு அண்டா கழுவப் போய்விட்டாள்.

ஏழு மணிக்குக் கோகுல் செல்விக்கு அனுப்பிய செய்தியை அவள் எனக்கும் அனுப்பினாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை, பேச ஆள் வேண்டியிருந்தது. போன் வந்தபோது பெரியப்பா பாதிப் பெட்டிதான் சாப்பிட்டிருந்தாராம். போனை வைத்துவிட்டுச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் மீதிப் பாதியையும் சாப்பிட்டு முடித்து, பெரியம்மா மிச்சம் வைத்ததையும் வாங்கிச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் எதையோ நோண்டிக்கொண்டிருக்கிறாராம். எதை என்று கேட்கவே பயமாக இருக்கிறது என்று முடித்திருந்தான்.

சாப்பிட்டார், சரி. பசிக்குச் சாப்பிட்டிருக்கலாம். சர்க்கரைக்குச் சாப்பிட்டிருக்கலாம். திங்கட்கிழமை முழுக்க அம்பத்தூரிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. செல்வி பால் சொசைட்டியில் மூன்று பேரை வீணாகத் திட்டியிருக்கிறாள். அக்கா அன்று சுவர்ப் பக்கமே போகவில்லை. வண்டி போகிற சத்தம் கேட்டால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜோமோன் சார் ஒரு காகிதத்தோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. லேபிளிலிருக்கும் எண்ணுக்கு ஒரு பயணி தமிழில் புகார் அனுப்பியிருக்கிறார். தில்லியில் படிக்க ஆளில்லாமல், இதில் என்ன எழுதியிருக்கிறது, உடனே விளக்கம் அனுப்பு என்று இங்கேயே தள்ளிவிட்டிருக்கிறார்கள். சாருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத்தான் வரும். எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் கிச்சடி அல்ல என்ற வார்த்தை தென்பட்டதும் அவருக்கு உயிர் போய்விட்டது. எல்லாரையும் நிற்க வைத்து என்னைப் படிக்கச் சொன்னார்.

நான் சத்தமாகப் படித்தேன்.

“ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் நான்கு கிச்சடி வாங்கினோம். உள்ளே இருந்தது கிச்சடி அல்ல, அரிசிம்பருப்புச் சோறு. நல்ல சோற்றுக்குப் பொய்ப் பெயர் ஒட்டுவது கம்பெனிக்கு அழகல்ல. மேலும் அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தயிர் வைக்காதது பெருங்குறை. இதற்காகச் சமைத்தவரை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. சமைத்தவர் மீனாட்சிபுரம் சுப்பாத்தாள், எங்கள் சம்பந்தி. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே தயிர் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வோம். இப்படிக்கு, சென்னியப்பன், அம்பத்தூர்.”

சம்பந்தி என்ற இடத்தை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன். அக்கா காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தன் பெயர் இருக்கிற வரியைத் தேடிப் பார்த்தாள். ரயில் சோற்றுக்கு நேராக அவள் பெயரை யாரும் எழுதியது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் தாரையாகப் போயிற்று. துடைக்கவில்லை. ஜின்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜோமோன் சாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கிச்சடி ஏன் கிச்சடியாக இல்லை, தயிர் ஏன் வைக்கவில்லை, சாயங்காலத்துக்குள் விளக்கம் போக வேண்டும், நான் என்ன எழுதட்டும் என்று பரிதாபமாகக் கேட்டார்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“தயிரு வெக்காதது என் தப்புன்னு எழுதிக்கங்க சார். ஞாயித்துக்கெழம வெச்சர்றனுங்க. அன்னைக்கு எனக்கு லீவு.”